தாமோதர்: பெருக்கும் அணையும்

ஆடிப் பெருக்கை விழாவாகக் கொண்டாடும் மரபில் வந்த நாம், பிழைப்பின் பொருட்டுத் தாமோதர்ப் பள்ளத்தாக்கிற் குடியேறியுள்ளோம். புதுப்புனலை நாம் வரவேற்க, இந்நாட்டாரோ தம் ஆற்றை ‘வங்காளத்தின் துயரம்’ என்றழைத்தனர். இப்பழிப்பெயரின் வரலாறு அறியத்தக்கது.

சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தில் தோன்றும் தாமோதர், பராக்கர் ஆற்றுடன் கூடிச் சமவெளியில் இறங்கி, பர்த்தமானுக்கு அப்பால் தெற்கே திரும்பி ஹூக்ளியிற் கலக்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடும். மேல்நாடு சரிவான பாறை நிலம். காடும் பெரிதும் அழிந்தது. எனவே மழைநீர் விரைந்து கீழிறங்கும். சமவெளியிலோ ஆற்றுப்படுகை செல்லச் செல்லக் குறுகுகிறது. கோடையில் மணற்காடாகக் கிடப்பது கார்காலத்திற் கடலாவது இதனாலேயே.

பழங்கால உழவர் இவ்வெள்ளத்தைப் பகையாகக் கருதவில்லை என்பது எகிப்தில் புகழ்பெற்ற நீர்ப்பாசன அறிஞர் வில்லியம் வில்காக்ஸின் கொள்கை. தாழ்ந்த கரைகளை வெட்டிச் செந்நீரை வயலிற் பாய்ச்சினர், வண்டல் உரமாயிற்று, உடன்வந்த மீன் கொசுப்புழுக்களை உண்டது என்று, 1930-இல் வெளிவந்த தம் கல்கத்தாச் சொற்பொழிவுகளில் அவர் விளக்கினார். அவர் கூறிய அனைத்தையும் ஆய்வாளர் ஏற்றிலர். எனினும், வெள்ளம் தடுக்கப்பட்ட இடங்களில் விளைச்சல் குன்றி மலேரியா மிகுந்ததென்று, வங்காளப் பொதுநலத்துறைத் தலைவர் பெண்ட்லியும் 1925-இல் எழுதினார்.

1855-இல் ராணிகஞ்சு வரை இருப்புப் பாதை அமைந்தது. அதனையும் பெருஞ்சாலையையும் காக்க இடக்கரை வலுப்பெற்றது. வெள்ளம் வடிய வலக்கரை அணைகள் ஏறத்தாழ 20 மைல் நீளம் அகற்றப்பட்டன. ஒரு கரையின் காப்பு மறுகரையின் அழிவாயிற்று! இடக்கரை வயல்களோ வண்டலை இழந்தன. அடுத்த இருபதாண்டுகளிற் பரவிய ‘பர்த்தமான் காய்ச்சல்’ ஊர்களைச் சூறையாடியது.

1943 ஜூலையில் இடக்கரையே உடைந்து, கல்கத்தாவுக்குச் செல்லும் இருப்புப் பாதை துண்டுபட்டது. அதன்பின் அமைந்த விசாரணைக் குழுவில் அறிஞர் மேகநாத சாகாவும் இடம்பெற்றார். அமெரிக்க டென்னசிப் பள்ளத்தாக்குத் திட்டத்தினின்று வந்த பொறியாளர் வூர்டுயின், 1945-இல் எட்டு அணைகள் கொண்ட திட்டம் வகுத்தார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. திலையா 1953-இலும், கோனார் 1955-இலும், மைதான் 1957-இலும், பஞ்சேத் 1959-இலும் எழுந்தன. துர்காபூர்த் தடுப்பணை 1955-இல் முடிந்தது. எட்டில் நான்கே நிறைவேறின. நீர்த்தேக்கங்களுக்கு வேண்டிய நிலமும் முழுமையாகக் கையகப்படுத்தப்படவில்லை.

பயன் பெரிது. கால்வாய்களால் நெல் விளைந்தது; மின்சாரத்தால் ஆலைகள் எழுந்தன; அவ்வாலைகளாலேயே நம் காலனிகளும் எழுந்தன. விலையும் பெரிது. தேக்கங்களின் நீருக்கடியிற் சந்தால் மக்களின் வயல்களும் ஊர்களும் மூழ்கின. வெள்ளமும் ஒழிந்துவிடவில்லை, 1978-இல் கீழ்நாடு மீண்டும் நீரில் ஆழ்ந்தது. தேக்கங்களில் வண்டல் படிகிறது. வலிய பெருக்கு இல்லாமையாற் கீழ்ப்படுகை தூர்ந்து, முன்போல் நீர் கொள்வதில்லை.

ஆற்றைக் கட்டலாம்; அதற்குரிய இடத்தைப் பறித்தல் ஆகாது. நம் வீட்டு விளக்கொளியில் யாருடைய வயல் மறைந்துள்ளது என்பதை நம் பிள்ளைகள் அறிந்து வளர்வார்களாக. இந்நாட்டு நீரை உண்டு வாழும் நாம் செலுத்தவேண்டிய நன்றிக்கடன் அதுவேயாகும்.