பி.பி-யைக் குறைக்குமா புளிச்ச பால்? ஜப்பான் ஆய்வில் தொடங்கிய ஒரு விவாதம்!

புரோட்டீன்னு சொன்னதும் ஜிம், முட்டை வெள்ளைக்கரு, டப்பா பவுடர்... இதுதானே ஞாபகத்துக்கு வருது? தசையை வளர்க்கிற சமாசாரம்னு மட்டுமே பார்த்துப் பழகிட்டோம். ஆனா, பால் புரதத்துக்குள்ள ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற ஒரு குட்டித் துண்டு ஒளிஞ்சிருக்குனு ஜப்பான் ஆய்வாளர்கள் 1995-ல் சொன்னாங்க. அதை வெச்சு பானமும் விற்பனைக்கு வந்தது. அப்படின்னா, பி.பி மாத்திரைக்குப் பதிலா அதைக் குடிச்சா போதுமா?

முதல்ல பெப்டைடுனா என்னனு பார்த்துடலாம். புரதத்தை நீளமான மணிமாலைனு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். நம்ம வயித்துல செரிக்கும்போதோ, பாக்டீரியா பாலைப் புளிக்க வைக்கும்போதோ மாலை அறுந்து துண்டு துண்டாகும். அந்தத் துண்டுதான் பெப்டைடு. மாலையில் கோத்திருக்கும்போது சும்மா கிடந்த துண்டு, தனியா வந்ததும் உடம்புக்குள்ள ஒரு வேலையைச் செய்தால் அது 'பயோஆக்டிவ் பெப்டைடு'.

மங்கோலியாவிலிருந்து வந்த ருசி

கைஉன் மிஷிமா என்ற ஜப்பானியர், உள் மங்கோலியாவில் நாடோடி மக்கள் கொடுத்த புளித்த பாலைக் குடித்துப் பார்த்து அசந்துபோனார். அந்த ருசியை மனசுல வெச்சு 1919-ல் அவர் அறிமுகப்படுத்திய பானம்தான் 'கால்பிஸ்'. பல வருஷம் கழிச்சு, அதே நிறுவனத்தின் விஞ்ஞானி யசுனோரி நகமுராவும் அவரின் குழுவினரும் புளித்த பாலை அலசினாங்க. 'லாக்டோபேசில்லஸ் ஹெல்வெட்டிகஸ்' பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து, பாலின் கேசீன் புரதத்தை வெட்டியதில் கிடைத்தவை வி.பி.பி, ஐ.பி.பி என்ற இரண்டு பெப்டைடுகள். ஒவ்வொன்றிலும் மூணே மூணு அமினோ அமிலங்கள்தான்.

நம்ம உடம்பில் ஏ.சி.இ என்று ஒரு நொதி இருக்கு. 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-1 பெப்டைடில் 2-ஐ நறுக்கிவிடுவது இதன் வேலை. மிச்சமிருக்கும் 8, அதாவது ஆஞ்சியோடென்சின்-2, ரத்தக்குழாயைச் சுருக்கும், பி.பி ஏறும். வி.பி.பி-யும் ஐ.பி.பி-யும் அந்த நொதியின் வாயில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்கின்றன.

இந்த ஐடியா புதுசு இல்லை. பிரேசிலின் ஜரராகா விரியன் பாம்பின் விஷத்தை 1960-களில் ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரெய்ரா, அதில் சில பெப்டைடுகளைக் கண்டுபிடிச்சார். அவையும் இதே நொதியைத்தான் அடைக்கின்றன. அந்த வழியில் உருவான 'கேப்டோப்ரில்' மாத்திரைக்கு 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விஷத்திலும் பாலிலும் ஒரே டெக்னிக்! ஆனா, ஆய்வுக்கூடச் சோதனையில் கேப்டோப்ரிலோடு ஒப்பிட்டால் பால் பெப்டைடுகளின் பலம் நூறு மடங்குக்கும் மேல் குறைவு.

மனுஷங்ககிட்ட வேலை செய்ததா?

இங்கேதான் கதை சிக்கலாகுது. ஜப்பானில் உயர் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் 30 பேரை வெச்சு நடந்த ஆய்வு 1996-ல் வெளியானது. தினமும் 95 மில்லி புளித்த பால், 8 வாரம். குடித்தவர்களுக்கு பி.பி-யின் மேல் அளவு சுமார் 14 புள்ளி குறைந்தது. செம ரிசல்ட்தான். ஆனா ஆய்வில் இருந்தவங்க கொஞ்சம் பேர். அதிலும் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கிட்டிருந்தவங்க.

2008-ல் நெதர்லாந்தில் 135 பேரிடம் இந்தப் பெப்டைடுகளைச் சோதித்தார்கள். எந்த மாற்றமும் இல்லை! 2011-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, ஆசியர்களுக்குச் சுமார் 7 புள்ளியும், ஐரோப்பியர்களுக்கு ஒரு புள்ளியை ஒட்டியும் குறைந்திருந்தது. இந்தப் பெப்டைடுகள் பி.பி-யைக் கட்டுக்குள் வைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லைனு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் கைவிரிச்சது.

ஏன் இப்படி? குடித்த பெப்டைடு அப்படியே ரத்தத்துக்குப் போகணுமே! வயிறும் குடலும் அதை மேலும் வெட்டப் பார்க்கும். கடைசியில் இருக்கும் புரோலின் காரணமா இவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனாலும் ரத்தத்தில் சேரும் ஐ.பி.பி-யின் அளவு, ஆய்வுக்கூடத்தில் நொதியைப் பாதியாவது முடக்கத் தேவைப்பட்டதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சோதனைக்குழாயில் ஜெயிக்கிறதெல்லாம் உடம்புக்குள்ளயும் ஜெயிக்கணும்னு கட்டாயம் இல்லையே! 'பெப்டைடு'னு லேபிள் ஒட்டிய எந்த டப்பாவை வாங்கும்போதும் இதைத்தான் முதல்ல கேட்கணும்.

"அப்போ நம்ம வீட்டுத் தயிர்?"னு கேட்டா, அதே பலனை எதிர்பார்க்க முடியாது. எல்லா பாக்டீரியாவும் மாலையை ஒரே இடத்தில் வெட்டாது. வீட்டு உறையில் எந்த பாக்டீரியா இருக்கு என்பதும் வீட்டுக்கு வீடு மாறும். தயிரை ருசிக்காகவும் கால்சியத்துக்காகவும் தாராளமா சாப்பிடலாம். உப்பை மட்டும் பார்த்துப் போடுங்க.

ஜப்பானிலேயே இந்த வகை பானங்களை 'ரத்த அழுத்தம் சற்று அதிகமாக இருப்பவர்களுக்கு'னு சொல்லித்தான் விற்றாங்க, மருந்துனு சொல்லி இல்லை. வீட்டில் அப்பாவோ அம்மாவோ பி.பி மாத்திரை போடுறவங்களா இருந்தா, இந்த மாதிரி பானம் எதையாவது வாங்கித் தர்றதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்த வேண்டாம்.