மழையோ, பனியோ

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஐயாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடியப்புறம் எழும்பி, கிணற்றடிக்குப் போகுமுன் வேலியோரத்து அறுகம்புல்லைப் புறங்கையால் ஒரு தரம் தடவிப் பார்ப்பார். கை நனைந்தால் "பனி விழுந்திட்டுது" என்பார். குரலிலே ஓர் ஆறுதல் இருக்கும். கை காய்ந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். வடகிழக்கு மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அன்றைக்கு வீட்டிலே எல்லோரும் கவனமாக நடந்துகொள்வோம்.

பனியை வரவேற்கிற மனிதரா என்று நேயர்கள் நினைக்கலாம். அளவெட்டியிலே வயலும் தோட்டமும் செய்தவர்களுக்கு இதிலே புதுமையில்லை. ஆவணி, புரட்டாதியிலே விதைத்த நெல் மார்கழிக் கடைசியிலே கதிர் முற்றி நிற்கும். தையிலே அருவி வெட்டு. வெட்டிய கதிரைச் சூடு வைத்த பிறகு மழை வந்தால் நெல் முளைகொண்டுவிடும். செம்மண் தோட்டத்திலே அப்போதுதான் நட்ட புகையிலைக் கன்றுக்கும் தேங்கி நிற்கும் தண்ணீர் ஆகாது. கார்த்திகை வரை மழைக்காக ஏங்கிய அதே மனிதர் மார்கழி நடுவிலே மழைக்கு அஞ்சத் தொடங்குவார். இந்த வருஷம் மார்கழி மழையாக இறங்குமோ, பனியாக இறங்குமோ என்பதுதான் ஊரின் பேச்சு. சந்தையிலும் அதே பேச்சு, கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் வீதியிலும் அதே பேச்சு.

குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து மழை வெள்ளத்தை வாங்கிக்கொண்டு கந்தரோடை வழியாக அராலிக் கடனீரேரிக்குப் போகிற வழுக்கையாறுகூட மாரியிலே மட்டும் ஆறு. கோடையிலே அதன் படுக்கையில் மாடு மேயும். ஆண்டிலே பெய்கிற சுமார் 1250 மில்லிமீற்றர் மழையிலே பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் விழுந்துவிடும். அது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நின்றால்தான் மிச்ச ஒன்பது மாதமும் கிணற்றிலே தண்ணீர். ஆகவே வானத்தைப் பார்ப்பது எங்கள் ஆட்களுக்குப் பொழுதுபோக்காக என்றுமே இருந்ததில்லை.

ஐயா புல்லைத் தடவியதற்கு நியாயம் உண்டு. மேகமில்லாத, காற்றசையாத இரவிலேதான் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. குளிர்ந்த புல்லிலே காற்றின் ஈரம் படிந்து பனியாகிறது. மேகம் மூடியிருந்தால் அது போர்வைபோல் சூட்டைத் தடுத்துவிடும், பனி விழாது. நனைந்த புல், வெளித்த வானத்துக்குச் சாட்சி. ஆனால் சாட்சி சொல்வது கடந்த இரவைப் பற்றி மட்டுமே. வரப்போகும் இரவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இதை ஐயா கற்றுக்கொண்டது 1964ஆம் ஆண்டு மார்கழியிலே. கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்ற பழமொழியைச் சொல்லாத வீடு அப்போது ஊரிலே இல்லை. அந்த மார்கழி முதல் வாரத்தில் நாலு நாள் தொடர்ந்து நல்ல பனி. டிசெம்பர் 22ஆம் திகதி இரவு காற்று வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் அடுக்களையின் ஓலைக் கூரை போனதும், அம்மா எங்களைக் கல்வீட்டுச் சுவரோடு ஒட்டவைத்து இருத்தியதும் நினைவிருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையிலே, புயல்கள் அருமையாகவே உருவாகும் ஓரிடத்திலே பிறந்த புயல் அது. இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக்குநீரிணைக்குள் இறங்கி, அதே இரவிலே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடல்நீருக்குள் போயிற்று. மன்னாரிலும் எங்கள் கரையோரங்களிலும் ஏற்பட்ட அழிவு வேறு. கர்ணனுக்குப் பின்னாலும் கொடை இருந்தது; அது இப்படியான கொடை.

ஐயா அதற்குப் பிறகு பழமொழி சொல்லவில்லை. பென்சில் எடுத்தார்.

அதைச் சொல்லுமுன், அவர் எழுதத் தேர்ந்தெடுத்த தாளைப் பற்றிச் சொல்லவேண்டும். பஞ்சாங்கம். கொக்குவிலிலிருந்து வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவிலிலிருந்து திருக்கணித பஞ்சாங்கமும் வந்துகொண்டிருந்த நாடு இது. ஒவ்வொரு சித்திரைக்கும் புதுப் பஞ்சாங்கத்தைத் திறந்தால் முதற் பக்கங்களிலேயே அவ்வருஷத்து மழை இத்தனை மரக்கால் என்று இருக்கும். அதிலே கடலுக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு, பூமிக்கு எவ்வளவு என்று பங்கும் பிரித்திருக்கும். ஆவர்த்தம், சம்வர்த்தம், புட்கலம், துரோணம் என்று மேகங்களுக்குப் பெயரும் உண்டு. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மழையை நெல்போல முகந்து அளப்பது வெறும் கற்பனையாகத் தொடங்கியதல்ல. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் களஞ்சியத்தின் முன்னே ஒரு முழ வாயகன்ற பாத்திரத்தை வைத்து மழையை அளக்கச் சொல்கிறது. எந்த நாட்டுக்கு எத்தனை துரோணம் மழை என்று கணக்கும் தருகிறது. பிற்காலத்திலே பாத்திரம் போய்விட்டது, மரக்கால் மட்டும் மிஞ்சிவிட்டது என்பதே என் எண்ணம்.

மார்கழிப் பனிக்கும் மழைக்கும் நேரடியாகத் தொடர்புடைய சாத்திரம் ஒன்றும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. கர்ப்போட்டம் என்பார்கள். சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கிற, மார்கழிப் பிற்பகுதியின் பதினாலு நாள் அளவிலே வானத்தைக் கவனிக்கவேண்டும். மேகங்கள் திரண்டு தெற்கு நோக்கி ஓடினால் வருகிற பருவத்து மழை கருக்கொண்டது என்று பொருள். அந்த நாட்களிலே மழை பெய்துவிட்டால் கரு கலைந்தது என்று பொருள். ஆகவே மார்கழிக் கடைசியிலே மழை வருவது இரட்டை நட்டம்: கையிலிருக்கிற நெல்லும் போகும், வருகிற வருஷத்து மழையும் போகும். பனியும் மேகமுமாகக் கழிந்தால் இரட்டை லாபம்.

இந்தக் கருக்கொள்ளும் கணக்கு பழையது. ஆறாம் நூற்றாண்டிலே வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். கருக்கொண்ட மேகம் 195ஆம் நாள் பெய்யும் என்பது அவர் கணக்கு. நான் ஒருமுறை இருந்து எண்ணிப் பார்த்தேன். மார்கழிக் கடைசியிலிருந்து 195 நாள் என்றால் ஆடி மாதம் வரும். அவர் வாழ்ந்த உச்சயினிப் பக்கத்திலே அது மழைக்காலம். யாழ்ப்பாணத்திலே ஆடியில் என்ன இருக்கிறது? சோளகம் வீசிப் புழுதி பறக்கும், கூழ் குடிக்கலாம், மழை கிடையாது. எங்கள் மழை, சோளகம் பெயர்ந்து வாடை விழுந்த பிறகு வருகிற மழை. உச்சயினியிலே பொருந்திய கணக்கை வேறொரு பருவக்காற்றின் கரைக்குக் கொண்டுவந்து பார்த்தவர்கள் அது பொருந்தவில்லை என்று ஏன் சொல்லவில்லை? எழுதி வைத்துப் பார்க்காததே காரணம் என்று நினைக்கிறேன். பலித்தது நினைவில் நிற்கும், பலிக்காதது போய்விடும்.

பஞ்சாங்கத்தைப் பரீட்சித்துப் பார்த்த சம்பவம் எங்கள் சரித்திரத்திலே இல்லாமலில்லை. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் அது. அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கத்திலே கிரகணம் பற்றுகிற நேரத்திலும், நீடிக்கிற நேரத்திலும், மறைகிற அளவிலும் பிழை இருப்பதாக வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூவர் கண்டார். இரு பகுதியாரும் வானத்தைப் பார்த்திருக்க, சந்திரன் பூவரின் கணக்குப்படி நடந்துகொண்டது. செமினரியின் சரித்திரத்தை எழுதுவோர் இதைப் பெரிய வெற்றியாக எழுதுவார்கள். இருக்கட்டும். ஆனால் அதே இரவிலே இருவரில் எவரையாவது பார்த்து "வருகிற மார்கழியிலே மழையா, பனியா?" என்று ஓர் அளவெட்டிக் கமக்காரன் கேட்டிருந்தால் இருவருமே வாயடைத்துத்தான் நின்றிருப்பார்கள். சந்திரன் கணக்குக்கு அடங்கும். மேகம் அன்றைக்கு ஒருவருக்கும் அடங்கவில்லை.

கொழும்பிலே வானாய்வு நிலையம் 1907இல் அமைந்தது. 1948இல் வளிமண்டலவியல் திணைக்களம் தனியாயிற்று. மழைமானிகள் நாடெங்கும் வந்தன. ஐயாவின் மழைமானி பால்மாத் தகரம். வாய் முதல் அடிவரை ஒரே அகலமாக இருக்கிறதென்று பார்த்து எடுத்து, கிணற்றுக்கட்டுக்கு அப்பால், மர நிழல் விழாத இடத்திலே கல்லுக்குள் இறுக்கி வைத்தார். காலையில் எங்கள் பள்ளிக்கூட அடிமட்டத்தை அதற்குள் விட்டு அங்குலம் பார்ப்பார். குரோதி வருஷத்துத் தையிலே தொடங்கி, பஞ்சாங்கத்தின் ஓரத்திலே நாளுக்கு ஒரு குறிப்பு: மழையானால் அங்குலம், பனியானால் 'ப', இரண்டுமில்லாவிட்டால் ஒரு கோடு. கௌடிலியரின் பெயரை அவர் கேள்விப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

தொண்ணூறுகளிலே மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்திலும் இது நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவிலே வானொலி பேசும். மற்றவர்கள் செய்திக்குக் காது கொடுப்பார்கள். ஐயா செய்தி முடிந்து வருகிற வானிலை அறிக்கைக்காகவே இருப்பார். "வங்காள விரிகுடாவில்" என்ற சொல் வந்ததும் கையை உயர்த்துவார்; சுற்றுவதை நான் நிறுத்திவிடக்கூடாது என்பது பொருள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். நாங்களும் அவர்களோடு நடந்தோம். ஐப்பசி மழை. தாகமெடுத்த பிள்ளைகளுக்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்து அதிலே தேங்கிய தண்ணீரைக் கொடுத்தார்கள். வேண்டிய மழையா, வேண்டாத மழையா என்று அன்றிரவு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஐயா மடியிலே யுவ வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்றை மட்டும் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். முப்பது வருஷத்துப் பஞ்சாங்கங்கள் வீட்டு றங்குப் பெட்டியிலே இருந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை. பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்த கட்டியாகியிருந்தன. மழையைப் பற்றி எழுதியதையெல்லாம் ஒரு மாரி மழையே அழித்துவிட்டது. ஐயா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். தகரம் துருப்பிடித்திருந்தாலும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த முப்பது வருஷம் இன்று கையிலிருந்தால் என்று நான் நினைப்பதுண்டு. 2011 ஜனவரியிலே, அதாவது மார்கழி முடிந்து தை பிறக்கிற வேளையிலே, மட்டக்களப்பு வயல்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் மலைநாட்டைச் சரித்து 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இன்று செயற்கைக்கோள் படம் கைபேசியிலே வருகிறது. புயல் எங்கே நிற்கிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் மார்கழி மழை முன்பைவிடக் கூடியிருக்கிறதா, பனி நாட்கள் குறைந்திருக்கின்றனவா என்று எங்கள் ஊருக்கு மட்டும் கேட்டால், புல்லைத் தடவி எழுதியவரின் குறிப்பு வேண்டும்.

1998 மாசியிலே மொன்றியலிலிருந்து மருமகனின் கடிதம் வந்தது. மருமகன் என்றால் என் அக்காவின் மகன், ஐயாவுக்குப் பேரன். அங்கே அந்த ஜனவரி 5ஆம் திகதி தொடக்கம் 10ஆம் திகதி வரை நடந்ததை எழுதியிருந்தான். "மாமா, ஸ்நோ வருமோ மழை வருமோ எண்டு எல்லாரும் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தம். வந்தது மழைதான். ஆனால் விழுந்த இடத்திலை கண்ணாடியாப் போகுது. மரமெல்லாம் கண்ணாடி. வயரெல்லாம் கண்ணாடி. லைற் போய்ப் பத்து நாள். ஊரிலை இருந்தமாதிரி மெழுகுதிரியோட இருக்கிறம்." கியூபெக்கிலே ஏறத்தாழ ஆயிரம் பெரிய மின்கோபுரங்கள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் சரிந்த நாட்கள் அவை.

கடிதத்தை ஐயாவுக்கு வாசித்துக் காட்டி, எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையும் விளங்கப்படுத்தினேன். எங்களூரிலே இடியோடு கொட்டுகிற பெருமழையிலும் பெரும்பகுதி, ஐந்து கிலோமீற்றருக்கு மேலே பனித்துகளாகவே பிறக்கிறது. இறங்கி வருகிற வழியெல்லாம் சூடான காற்று, அதனால் உருகி மழையாகிறது. மொன்றியலிலே வழக்கமாக வழியெல்லாம் குளிர், அதனால் பனியாகவே விழும். இம்முறை மேலே ஒரு படை வெப்பக்காற்று நுழைந்து பனியை உருக்கிவிட, கீழே செயின்ற் லோறன்ஸ் பள்ளத்தாக்கிலே உறைநிலைக் குளிர் நகராமல் படுத்திருந்தது. உருகி வந்த துளி தொட்ட இடத்திலே உறைந்தது.

ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தினையாம் திகதி எண்டாய்?" என்றார். சொன்னேன். ஈஸ்வர வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து விரலால் எண்ணி, "கர்ப்போட்ட நாளெல்லோ" என்றார். பிறகு பென்சிலை நாக்கிலே தொட்டு, அந்த ஆறு நாட்களின் ஓரத்திலும் எங்கள் வீட்டுக் குறிப்புக்குக் கீழே 'மொன்றியல்' என்று எழுதினார். அதற்குப் பக்கத்திலே அங்குலமும் போடவில்லை, 'ப'வும் போடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, மருமகனிடம் தகரம் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லி எழுதும்படி என்னிடம் சொன்னார்.