வலது காலில் கியர்

மெட்ராஸ் மோட்டார்ஸின் கூட்டில் 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரிலிருந்து பாகங்களைத் தருவித்து திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைப் பூட்டத் தொடங்கியது. ஆல்பியன் நிறுவனத்தின் நான்கு கியர் பெட்டியும் அதோடு வந்தது. பெட்டியின் வம்புகளும் வந்தன.

கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். முதல் கியருக்கு லீவரை மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். சில சமயம் இரண்டு கியருக்கு நடுவே எதிலும் பிடிக்காமல் நின்றுவிடும். இன்ஜின் உறுமும், வண்டி இழுக்காது. இதற்கு ஃபால்ஸ் நியூட்ரல் என்று பெயர். நிஜ நியூட்ரலோ தேடினால் கிடைக்காது! அதற்கென்றே பெட்டியில் தனியாக ஒரு குட்டி லீவர் வைத்தார்கள். முதல் கியர் தவிர வேறு எதில் ஓடினாலும் அதை ஒரு மிதி மிதித்தால் நியூட்ரல். குறையை ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு மிதியும் பொருத்தித் தந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

விவரமான மெக்கானிக் பெட்டியை உடனே பிரிக்க மாட்டார். முதலில் கிளட்ச் கேபிளைப் பார்ப்பார். அது தளர்ந்திருந்தால் லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் தட்டுகள் முழுசாக விலகாது. கியர் கடகடத்து விழும், சிக்னலில் நியூட்ரல் சிக்காது. கேபிள் சரியென்றால் பெட்டியின் வெளிமூடியைக் கழற்றுவார். உள்ளே இரண்டு போல்ட்டில் ஒரு தகடு. போல்ட்டைத் தளர்த்தி அதைத் துளி நகர்த்தினால் போதும், மேலும் கீழும் கியர் ஒரேமாதிரி விழும். தகடு அளவு மீறி ஒருபக்கம் சாய்ந்தால் பழைய கதைதான். தேய்மானம் முற்றிய பெட்டிக்கு இந்த வைத்தியம் எடுபடாது.

கிரீஸ் அடைத்து ஓடிய பெட்டிகள் அவை. பிறகு பலர் ஆயிலுக்கு மாறினார்கள்; கியர் இலகுவாக விழுந்தது, தரையில் ஆயிலும் சொட்டியது.

மைசூரில் 1961 முதல் வெளிவந்த ஜாவாவிலோ கியர் இடப்பக்கம். கியர் லீவரே கிக்கரும்கூட. புல்லட் பழகிய கால் அதில் ஏறி, பிரேக் என்று நம்பி கியரை மிதித்துவிடும். 1974 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா இடப்பக்க கியரைக் கட்டாயமாக்கியது. அந்தச் சந்தையை நம்பியிருந்த டிரையம்ப், நார்ட்டன் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் அடுத்தடுத்துப் பக்கம் மாறின. திருவொற்றியூர் அவசரப்படவில்லை. 2000-க்குப் பிறகுதான் இடப்பக்க ஐந்து கியர் பெட்டி வந்தது. 2009-இல் இந்தியாவுக்கு வந்த கிளாசிக்கில் இன்ஜினும் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. அதில் குட்டி லீவர் கிடையாது, நியூட்ரலுக்கு ஒரு பச்சை விளக்கு மட்டும்.