போகாத நோவுக்கு யார் பொறுப்பு? தடுப்பூசி நட்டஈட்டின் ஒரு சிறு வரலாறு

"ஊசி அடிச்ச கைய ஒசத்த ஏலாம இருக்கு." 2021ஆம் ஆண்டு கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. அநேகமானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் அந்த நோவு போய்விட்டது. ஊசிக்குப் பின் கை கொஞ்சம் கடுப்பது வழமை. நாங்கள் இங்கே பேச வருவது போகாத நோவைப் பற்றி. உலகின் பல நாடுகளில் மிகச் சிறு தொகையினருக்கு, ஊசி போட்ட தோள் மாதக்கணக்கில் இறுகிப்போய், தலை வாரவோ சட்டை மாட்டவோ ஏலாத நிலை வந்திருக்கிறது. சில நாடுகளில் அப்படியானவர்களுக்கு நட்டஈடு கிடைக்கிறது. எங்கட நாட்டில் அதற்கென்று ஒரு வழியும் இல்லை. இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இது ஊசிக்கு எதிரான கட்டுரை இல்லை. இலங்கையில் பெரியம்மை 1972உடன் போனது, போலியோ 1993உடன் போனது. இரண்டையும் அனுப்பிவைத்தது தடுப்பூசிதான். எங்கட உம்மாமார் வரிசையில் நின்று பிள்ளைகளுக்கு ஊசி போட்டதால் வந்த பலன் அது. ஊரே சேர்ந்து பலன் பெறும் ஒரு காரியத்தில் ஒருவருக்கு மட்டும் தீங்கு நேர்ந்தால், அந்தப் பாரத்தை யார் தூக்குவது என்பதே எங்கள் கேள்வி.

தோளுக்கு என்ன நடக்கிறது?

மேல் கையில் ஊசி போட வேண்டிய இடம், தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்கும் தடித்த தசை. ஊசி அதற்கு மேலே இறங்கினால், மருந்து தசைக்குள் போகாமல் தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்பைக்குள் போய்விடக்கூடும். நோய்க்கு எதிராகத் தசையில் கிளம்ப வேண்டிய எதிர்ப்பு, மூட்டுக்குள் அழற்சியாகக் கிளம்புகிறது. 2006இல் இரண்டு நோயாளர்களைப் பற்றி வந்த ஒரு மருத்துவக் குறிப்பு இதைப் பேசியது. 2010இல் அமெரிக்க வைத்தியர்கள் 13 பேரின் விபரங்களைத் தொகுத்து, 'தடுப்பூசி ஏற்றலுடன் தொடர்புடைய தோள் காயம்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக 'சிர்வா' என்பார்கள்.

இங்கே குற்றம் மருந்தில் இல்லை. எந்த மருந்தாக இருந்தாலும், அது போடப்பட்ட இடம் பிழைத்தால் இது நடக்கலாம். "மருந்தில் குறையா, போட்டவரின் கையில் குறையா?" என்ற இந்தக் கேள்வி தடுப்பூசியின் வரலாறு நெடுகிலும் வருகிறது.

முல்கோவால், 1902

1902 ஒக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். பம்பாயில் ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் தடுப்பூசி அன்று அங்கே 107 பேருக்குப் போடப்பட்டது. ஒரே போத்தலிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் ஏற்புவலி கண்டு இறந்தார்கள். விசாரணை ஆய்வுகூடத்தைக் குற்றஞ்சாட்டியது. ஹாஃப்கின் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். போத்தலைத் திறந்த இடத்தில் நிலத்தில் விழுந்த ஒரு இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பாவித்திருக்கிறார்கள் என்பது பிறகு பேசப்பட்டது. ரொனால்ட் ரொஸ் போன்ற பெரிய விஞ்ஞானிகள் குரல் கொடுத்த பிறகு, 1907இல்தான் ஹாஃப்கினின் பெயர் மீண்டது.

இந்தக் கதை மருத்துவ வரலாற்றில் ஒரு விஞ்ஞானிக்கு நடந்த அநியாயமாகவே சொல்லப்படுகிறது. அது அநியாயம்தான். ஆனால் அந்த 19 பேர் கதைக்குள் ஒரு எண்ணிக்கையாக மட்டும்தான் வருகிறார்கள். விவாதம் முழுக்க 'யார் பிழை' என்பதைச் சுற்றியே ஓடியது. 'யாருக்கு இழப்பு' என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

குற்றத்திலிருந்து இழப்புக்கு

அந்த இரண்டாவது கேள்வியை ஒரு நீதிமன்றம் தெளிவாகக் கையிலெடுத்தது 1953இல், மேற்கு ஜேர்மனியில். அங்கே பெரியம்மைத் தடுப்பூசி கட்டாயம். அதனால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு ஈடுசெய்ய வேண்டும் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு அடிப்படையாக இருந்தது 1794ஆம் ஆண்டின் பிரஷ்யச் சட்டத்தில் வேர்கொண்ட ஒரு கோட்பாடு: பொதுநலனுக்காக ஒருவர் மற்றவர்களைவிடக் கூடுதலாக எதையாவது தியாகம் செய்ய நேர்ந்தால், பொதுச் சமூகம் அவருக்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டது. யாரும் பிழை செய்திருக்கத் தேவையில்லை. 1961இல் இது சட்டமாகவே வந்தது.

ஜப்பானில் 1948இல், கியோட்டோவிலும் ஷிமானேயிலும் பிழையாகத் தயாரிக்கப்பட்ட தொண்டைக்கரப்பான் தடுப்பூசியால் 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1970இல் அங்கே நிவாரணத் திட்டம் தொடங்கி, 1976இல் சட்டமானது. பிரித்தானியா 1979இல் சட்டம் கொண்டுவந்தது. முதலில் 10,000 பவுண், இன்று 120,000 பவுண். ஆனால் 60 வீத இயலாமை இருந்தால்தான் ஒரு சதமேனும் கிடைக்கும். இறுகிப்போன ஒரு தோள் அந்த வாசலைத் தாண்டுவது கஷ்டம்.

அமெரிக்காவின் பாதை வேறு. 1955இல் கட்டர் என்ற கம்பனியின் போலியோ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் தங்கிவிட்டது. 10 பேர் இறந்தார்கள், 150க்கும் மேற்பட்டோர் வாதத்தில் விழுந்தார்கள். 1958இல் ஜூரிகள் கொடுத்த தீர்ப்பு விசித்திரமானது: கம்பனி கவனயீனமாக நடக்கவில்லை, ஆனாலும் பணம் கட்ட வேண்டும். அதன் பிறகு வழக்குகள் பெருகின. 1980களில் தடுப்பூசிக் கம்பனிகள் ஒவ்வொன்றாகத் தொழிலை விட்டுப்போக, மருந்தே கிடைக்காமல் போகுமோ என்ற பயம் வந்தது. அதன் விளைவுதான் 1986ஆம் ஆண்டின் சட்டம். 1988 ஒக்டோபர் முதல் ஒரு நிதியம் இயங்கத் தொடங்கியது. ஒரு நோய்க்கான ஒவ்வொரு டோஸுக்கும் 75 சதம் வரி. அந்தக் காசிலிருந்துதான் நட்டஈடு. இன்று வரைக்கும் 500 கோடி டொலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு தோள் வழக்கு எப்படி முடிகிறது?

2017 மார்ச்சில் தோள் காயம் அந்தத் திட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அட்டவணையில் இருப்பதன் அர்த்தம் பெரியது. நான்கு விடயங்களைக் காட்டினால் போதும்: முன்பு அந்தத் தோளில் நோவு இருக்கவில்லை; ஊசி போட்டு 48 மணித்தியாலத்துக்குள் நோவு தொடங்கியது; நோவும் அசைவுக் குறைவும் அந்தத் தோளில் மட்டும்; வேறு காரணம் எதுவும் இதை விளக்கவில்லை. இவை இருந்தால் ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுகிற பாரம் அரசின் பக்கம் போகிறது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும்.

மனு ஊசி போட்ட தாதிக்கு எதிராகப் போவதில்லை. எதிர்த்தரப்பு சுகாதார அமைச்சர். அநேகமான தோள் வழக்குகள் சாட்சி விசாரணை வரைக்கும் போகாமல், வைத்தியக் குறிப்புகளை வைத்துப் பேசித் தீர்க்கப்படுகின்றன. வேதனைக்கான தொகை 250,000 டொலருக்கு மேல் போகாது. நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட மனு தோற்றாலும் சட்டத்தரணியின் கூலியை நிதியமே கட்டலாம். இந்தக் கடைசி விடயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழை ஒருவர் நீதிமன்றப் படி ஏற முடிவது அதனால்தான்.

இதுவும் சும்மா கிடைத்து நிலைக்கவில்லை. "இது மருந்தின் குறை இல்லை, போட்டவரின் கைப்பிழை" என்ற முல்கோவால் காலத்து வாதத்தை வைத்து, 2021 ஜனவரியில் தோள் காயத்தை அட்டவணையிலிருந்து நீக்க ஒரு விதி வந்தது. ஆட்சி மாறியதும், அதே ஆண்டு ஏப்ரலில் அந்த விதி மீளப்பெறப்பட்டது.

எங்களுக்கு இது புதுசா?

பிழை செய்தவரைத் தேடாமல், கூட்டாகப் பணம் சேர்த்து இழந்தவருக்குக் கொடுப்பது ஏதோ மேற்கில் பிறந்த யோசனை போலத் தோன்றும். ஆனால் தியத் சட்டம் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. ஃபிக்ஹில், தவறுதலாக ஒரு உயிர் போனால் தியத்தைக் கொலையாளி தனியாகச் சுமப்பதில்லை. அவருடைய 'ஆகிலா', அதாவது உறவுக் கூட்டம், பங்குபோட்டுச் சுமக்கிறது. காயங்களுக்கும் கணக்கு உண்டு. ஒரு கைக்கு அரைத் தியத். அளவு குறிக்கப்படாத காயங்களுக்கு, இழப்பை மதிப்பிட்டுத் தொகை சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது.

இரண்டும் ஒன்றுதான் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்று குலத்தின் கடமை, மற்றது அரசின் திட்டம். ஆனால் ஊசியால் ஒருவருக்கு ஏதும் நேர்ந்தால் "அது கத்ர், என்ன செய்ற" எண்டு சொல்லிவிட்டு எழும்பிப் போகிற எங்கட பழக்கத்துக்கு எங்கட சட்ட மரபே சாட்சி சொல்லாது. கத்ரை நம்பின அதே ஃபிக்ஹ்தான் ஒரு கைக்கு இவ்வளவு என்று எழுதியும் வைத்தது.

இலங்கையில் என்ன இருக்கிறது?

கடமையைச் சொல்ல இங்கே சட்டம் சீக்கிரமே வந்தது. 1886ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 1996 முதல் தடுப்பூசிக்குப் பின்னான பாதகங்களைப் பதிவுசெய்யும் முறையும் இருக்கிறது. எம்.ஓ.எச். பணிமனையில் தகவல் எடுத்து, கொழும்பிலுள்ள தொற்றுநோய்த் தடுப்புப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அயல்நாடுகள் பல பொறாமைப்படக்கூடிய முறை அது. ஆனால் அந்தப் படிவம் தகவலுக்கானது. அதன் மறுமுனையில் நட்டஈட்டு நிதியம் எதுவும் இல்லை.

மிச்சமிருப்பது வழக்கு. 1969ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசுக்கு எதிராகவும் தீங்கு வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கவனயீனத்தையும், அந்தக் கவனயீனத்தால்தான் தீங்கு வந்தது என்பதையும் வழக்காளிதான் நிரூபிக்க வேண்டும். அது எவ்வளவு பாரம் என்பதைப் பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கு காட்டியது. அது தடுப்பூசி வழக்கு இல்லை, ஒரு குழந்தையின் நோயைக் கண்டறிவது பற்றியது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தாலும் அதனால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அதையும் தள்ளுபடி செய்தது. நாட்டின் முன்னணிச் சட்டத்தரணிகள் வாதாடிய வழக்கிலேயே இது முடிவு என்றால், மருதமுனையில் தறியில் இருக்கும் ஒருவர் தன் தோளுக்காக எந்தப் படி ஏறுவார்?

கொவிட் காலத்தில் ஒரு சின்ன வாசல் திறந்தது. கோவக்ஸ் ஊடாக மருந்து பெற்ற 92 நாடுகளுக்கென்று, குற்றம் பார்க்காத ஒரு நட்டஈட்டுத் திட்டம் 2021இல் வந்தது. ஒரு டோஸுக்கு 10 சதம் சேர்த்த நிதியம். இலங்கையும் அந்த 92இல் ஒன்று. ஆனால் அது கோவக்ஸ் தந்த மருந்துக்கு மட்டும். 2021 மார்ச்சில் வந்த 264,000 அஸ்ட்ராசெனெகா டோஸ்கள் அதற்குள் அடங்கும். இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 இலட்சமும், சீனாவிடம் அரசு நேரடியாக வாங்கிய சினோபார்மும் அடங்காது. ஒரே மதில் பக்கத்தில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரரில் ஒருவருக்கு உரிமை இருக்கலாம், மற்றவருக்கு இல்லை. எந்தப் போத்தல் எந்த வழியால் வந்தது என்பதே தீர்ப்பு. அதற்கு மேல், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு நிரந்தர இயலாமை ஏற்பட்டிருக்க வேண்டும். வீட்டிலிருந்து எண்ணெய் தடவிய தோளுக்கு அங்கும் இடமில்லை.

நம்பிக்கையின் கணக்கு

2021 ஜனவரி 29இல் இலங்கையில் கொவிட் தடுப்பூசி தொடங்கியது. முஸ்லிம்களின் மையத்துகளை எரிக்கும் உத்தரவு பெப்ரவரி 25 வரைக்கும் அமுலில் இருந்தது. ஏறக்குறைய ஒரு மாதம், ஒரே சுகாதாரத் துறை ஒரு கையால் எங்கட மையத்தை எரித்துக்கொண்டு மறு கையால் எங்களை ஊசிக்குக் கூப்பிட்டது. அப்படியிருந்தும் எங்கட ஊர்ச்சனம் பாடசாலை மண்டபங்களில் வரிசையில் நின்றது. அதைக் கீழ்ப்படிவு என்று மட்டும் எடுக்கக்கூடாது. அது எங்கட சனம் கொடுத்த கடன். கடனைத் திருப்புகிற ஒரு வழிதான் நட்டஈட்டுச் சட்டம். "உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் பார்ப்போம்" என்று எழுத்தில் தருகிற அரசிடம் அடுத்த தடவை மக்கள் இன்னும் சீக்கிரம் வருவார்கள்.

ஹஜ்ஜுக்குப் போகிற ஒவ்வொருவரும் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டே ஆக வேண்டும். வேறு தெரிவு இல்லை. 1953இன் ஜேர்மன் நீதிமன்றம் இதற்கு என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் வரும்வரை செய்யக்கூடிய இரண்டு விடயங்கள் இருக்கின்றன. அபாயா உடுத்த பெண்கள், ஆம்பிளைகளும் பிள்ளைகளும் நிற்கிற மண்டபத்தில் கழுத்துப் பக்கத்தால் துணியை இழுத்துத் தோளின் உச்சியை மட்டும் காட்டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டி வருகிறது. ஊசி மேலே இறங்குவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஒரு திரைச்சீலையும் ஒரு பெண் தாதியும் இருந்தால் கை முழுவதும் தெரிய இருந்து போடலாம். பள்ளிவாசல் நிருவாகங்களும் எம்.ஓ.எச். பணிமனைகளும் பேசினால் ஒரு கிழமையில் முடிகிற வேலை இது. மற்றது, இரண்டு நாளைக்கு மேல் தோள் நோவு நின்றால் திகதியோடு வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள், எம்.ஓ.எச். பணிமனையில் பதியச் சொல்லுங்கள். முல்கோவாலின் 19 பேரைப் போல வெறும் எண்ணிக்கையாக இல்லாமல், எப்போதாவது ஒரு சட்டம் வரும்போது அதற்கு ஆதாரமாக நிற்கப்போவது அந்தத் துண்டுக் கடதாசிதான்.