இலங்கையின் பெயர் தாங்கிய புழு



நம் நாட்டின் பெயர் தேயிலைக்கு உண்டு, கறுவாவுக்கும் உண்டு. ஒரு புழுவுக்கும் உண்டென்பதைப் பலர் அறியார். நாய், பூனை ஆகியவற்றின் குடலிற் குருதி உறிஞ்சி வாழும் கொளுக்கிப்புழு வகையொன்று, இலங்கையைக் குறிக்கும் 'செய்லானிக்கம்' என்ற பெயரால் வழங்குகின்றது.

1911ஆம் ஆண்டில் ஆர்தர் லூஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர், இலங்கைப் புனுகுப்பூனையிலிருந்து பெறப்பட்ட புழுக்களை ஆராய்ந்து இப்பெயரைச் சூட்டினார். கொளுக்கிப்புழுவின் இளம் புழு மண்ணிலிருந்து தோலைத் துளைத்து உடலுட் புகும் என்ற உண்மையை வெளிப்படுத்தியவரும் இவரே. கெய்ரோ நகரில் இளம் புழுக்கள் கலந்த நீர் தற்செயலாகத் தம் கையிற் சிந்த, அவ்விடத்தில் எழுந்த எரிவைக் கொண்டே அவர் இதனை உய்த்துணர்ந்தார்.

1913இல் கிளேட்டன் லேன் என்ற மருத்துவர் இந்தியாவில் மனிதர் குடலிலும் இப்புழுவைக் கண்டார். எச்சரிக்கை அன்றே கிடைத்துவிட்டது. ஆயினும் அதே ஆண்டில், பிரேசில் நாட்டு நாய் பூனைகளில் முன்னரே அறியப்பட்ட புழுவும் இதுவும் ஒன்றே என்ற கருத்து எழுந்தது. அறிஞர் பலர் அதனை ஏற்றனர்.

இம்மயக்கம் வெறும் பெயர் மயக்கமன்று. பிரேசிற் புழு மனிதனின் தோலின் கீழ் ஊர்ந்து அரிப்பை உண்டாக்குமேயன்றி, அவன் குடலில் முதிர்வதில்லை. மற்றையதோ குடலைப் பற்றிக் குருதியை உறிஞ்சும். இரண்டும் வெவ்வேறென இத்தாலிய அறிஞர் பியோக்கா 1951இல் நிறுவும் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்வேறுபாடு மறைந்து கிடந்தது.

இடைக்காலத்தில், 1916இல், ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் இலங்கைத் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கிற்று. தொழிலாளருக்கு மருந்து கொடுத்தனர். மலகூடங்கள் அமைக்குமாறு வற்புறுத்தினர். மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவும் புழுவுக்கு அது தக்க வழியே. ஆனால், நாய்க்கு மலகூடம் ஏது? அது முற்றத்திலும் தெருவிலும் விடும் மலத்திலுள்ள முட்டைகள், ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஒரு வாரமளவில் தொற்றவல்ல இளம் புழுக்களாகின்றன. வெறுங்காலுடன் ஓடும் குழந்தை அவற்றை அறியாது மிதிக்கின்றது.

இன்று மரபணுச் சோதனைகள் தென்கிழக்காசிய மக்கள் பலரிடம் இப்புழுவைக் கண்டறிந்துள்ளன. ஆதலின், மனிதருக்கு மட்டும் மருந்தூட்டுதல் போதாது. வீட்டு நாய்க்கும், தெருவில் திரியும் நாய்க்கும் பூச்சிமருந்து கொடுத்தல் வேண்டும். அவற்றின் மலத்தை அகற்றுதல் வேண்டும். குழந்தைகளின் கால்களுக்குக் காலணி வேண்டும். நாயைப் பேணுதலும் நம்மைப் பேணுதலே ஆகும்.