உளியும் தீட்டுக்கல்லும்: மலாக்காத் தோட்ட வரலாற்றில் ஒரு விடுபாடு

மலாயாத் தோட்டத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கங்காணி முறையையும் கூலியையும் லயத்து வாழ்வையும் விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். அத்தொழிலாளர் நாள்தோறும் கையில் ஏந்திய உளியும், அதனைத் தீட்டிய திறனும் அவ்வளவு கவனம் பெறவில்லை. புக்கிட் ரம்பாய் போன்ற மலாக்காத் தோட்டப்புறங்களை முன்வைத்து அதனைச் சிறிது நோக்குவோம்.

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பெற்றது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். 1896இல் டான் சே யான் அதனைத் தொடங்கினார். அவரை அதற்குத் தூண்டியவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி. அமேசான் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர், மரம் புண்பட்டது. ஒரே வெட்டுவாயை மீண்டும் மீண்டும் மெல்லிதாகச் சீவினால் மரம் கெடாது என்பதை ரிட்லி ஆய்ந்து காட்டினார். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. ஆனால் மெல்லிதாகச் சீவுவதற்குக் கூர்மை வேண்டுமன்றோ?

பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், வளர்படலத்தை ஒட்டியே செறிந்துள்ளன. எனவே வெட்டு ஆழமாகச் செல்ல வேண்டும். ஆயினும் வளர்படலத்தைத் தொடாமல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதனைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அவ்விடத்தில் வெட்டுவது அரிது. மழுங்கிய உளி பட்டையைச் சீவாது, நசுக்கும். அதனை ஈடுசெய்யக் கை அழுத்தும், சீவல் தடிக்கும், பல ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டிய பட்டை விரைவில் தீர்ந்துபோகும்.

உளியின் வாய் மடிந்த வடிவினது. ஆதலால் தட்டைக் கத்தியைப் போல அதனைத் தீட்ட இயலாது. வாய் சிதைந்திருந்தால் முதலில் அரம். பின்னர் நீர் தெளித்த கல்லில், சரிவின் கோணம் மாறாமல் புறப்பக்கத்தைத் தேய்ப்பர். அப்போது உட்பக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விளிம்பு மெலிந்த சிறு கல்லை மடிப்பினுள் செலுத்தி அதனை நீக்குவர். கடினமான இடம் அந்த மடிப்பின் மூலையே. அங்குக் கல் சற்றே பிசகினாலும் இருபக்கக் கூர்மையும் ஒன்றுசேராது.

தோட்டத்துக் கணக்கில் ஆள்நாளும் பாலின் எடையும் ஏறின. மரத்தின் ஆயுளைக் காத்த இந்தத் தீட்டலுக்கு அங்குத் தனியிடம் இல்லை. அறிவியலாளரின் கண்டுபிடிப்பு என்று நாம் பாடம் நடத்தும் அம்முறையில், தொழிலாளியின் கைக்கும் பங்குண்டு என்பதே எம் கருத்து.

சொல்லிலும் ஒரு செய்தி உண்டு. தமிழகத்தில் தச்சரும் சிற்பியரும் கையாண்ட கருவியின் பெயரையே, முன்பின் அறியாத ஒரு மரத்தின் கத்திக்கு இம்மண்ணின் தமிழர் இட்டு வழங்கினர்.