சிறுநீரக நரம்பு நீக்கம்: நீண்டகால விளைவுகள்

சிறுநீரகத் தமனியைச் சுற்றி ஓடும் பரிவு நரம்புகளைச் சுட்டுச் செயலிழக்கச் செய்து உயர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் சிகிச்சை இது. தொடை இடுக்கு வழியே கதீட்டர் குழாயைத் தமனிக்குள் செலுத்தி, ரேடியோ அலை வெப்பத்தாலோ மீயொலியாலோ சுடுவார்கள். இந்த நரம்புகள் மிகையாகத் தூண்டப்பட்டால் சிறுநீரகம் உப்பைத் தேக்குகிறது, ரெனின் சுரப்பு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது.

சிறுநீர் பெருக்கி உள்பட மூன்று மருந்துகளை முறையாக எடுத்தும் அழுத்தம் அடங்காதவர்களே முதலில் கருதப்படுபவர்கள். ‘முறையாக’ என்ற சொல்லில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் 2020இல் தொற்றா நோய்கள் குறித்து நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துத் தேசூர் போன்ற ஊரில், பட்டுத்தறியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போய்விடும். பிரஷர் மாத்திரைக்காக வரிசையில் நிற்பதே பெருஞ்செலவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவது அதனால்தான் முக்கியம். மாத்திரை விட்டுப்போனதால் ஏறிய அழுத்தத்துக்குக் கதீட்டர் பதிலாகாது.

நரம்பை அறுக்கும் எண்ணம் பழையது. 1940களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்மித்விக் வயிற்றுப் பகுதிப் பரிவு நரம்புகளை வெட்டினார். அழுத்தம் குறைந்தது, ஆனால் எழுந்து நின்றாலே பலருக்குத் தலை சுற்றியது. மாத்திரைகள் வந்ததும் அம்முறை மறைந்தது. கதீட்டர் வழியே முதல் முடிவுகளை 2009இல் மெல்பர்னின் ஹென்றி குரூம் குழு வெளியிட்டது. உலகமே ஆர்வம் கொண்ட வேளையில், 535 பேரிடம் நடந்த ‘சிம்ப்ளிசிட்டி-3’ ஆய்வு 2014இல் ஏமாற்றம் தந்தது: சிகிச்சை பெற்றவர்களுக்கும், பெற்றதாக நம்பவைக்கப்பட்டவர்களுக்கும் ஆறாம் மாதத்தில் பெரிய வேறுபாடில்லை. இந்தியாவில் தொடங்கிய ஆய்விலும் ஆள் சேர்ப்பு நின்றது. அந்தப் போலிச் சிகிச்சை ஒப்பீடு இல்லாதிருந்தால், மருத்துவ உலகம் தன் நம்பிக்கையையே சான்றாக எடுத்துக்கொண்டிருக்கும்.

கருவியும் செய்முறையும் திருத்தப்பட்டன. தமனியின் கிளைகளிலும் சுடத் தொடங்கினர். மாத்திரை எடுத்துவந்த 80 பேரிடம் நடந்த ‘ஸ்பைரல்’ ஆய்வில், இச்சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் 24 மணி நேர மேல் அழுத்தம் சுமார் 18.7 மி.மீ. குறைந்திருந்தது; ஒப்பீட்டுக் குழுவில் 8.6. ஆனால் அதற்குள் யாருக்கு எது செய்யப்பட்டது என்பது தெரிந்துவிட்டிருந்தது. நீண்டகால எண்களைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. 2023 நவம்பரில் அமெரிக்கா மீயொலிக் கருவி, ரேடியோ அலைக் கருவி இரண்டுக்கும் ஒப்புதல் அளித்தது.

சுட்ட நரம்பு மீண்டும் வளருமா? ஆடுகளில் ஓராண்டுக்குள் வளர்ந்தது. மனிதர்களில் மூன்றாண்டு வரை அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதால், வளரும் நரம்பு முழு வேலையும் செய்வதில்லை என்று கருதுவோர் உண்டு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை 5,769 பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வில், தமனி சுருங்கியோ கிழிந்தோ ஸ்டென்ட் தேவைப்பட்டது ஆண்டுக்கு 0.2 விழுக்காடு. சிறுநீரகம் ஏற்கெனவே வெகுவாகப் பழுதானவர்கள் பெரும்பாலான ஆய்வுகளில் சேர்க்கப்படவில்லை. பக்கவாதமும் மாரடைப்பும் இச்சிகிச்சையால் குறைகின்றனவா என்பதற்கு நேரடிச் சான்று தரும் பெரிய ஆய்வு இன்னும் வரவில்லை. பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பிறகும் மாத்திரையைத் தொடர்கிறார்கள்.